நூலக விழாவுக்கு ஆள் வராதது யார் குற்றம்?

நவம்பர் 15, காலை (ஒரு வாசகர் கேட்டது)

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நேற்று நூலக வார விழா தொடங்கியது. சிறப்புப் பேச்சாளர், அவரைக் கூட்டிவந்தவர், நூலகர், நாளிதழ் படிக்க வந்த இரண்டு பெரியவர்கள், நான். அவ்வளவுதான் கூட்டம். சின்ன ஊரில் புத்தகம், கலை என்று நிகழ்ச்சி வைப்பது வீண் வேலைதானே? எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. இனி யார் வரப்போகிறார்கள்?

நவம்பர் 15, இரவு

செல்போன்மீது பழி போட வேண்டாம். நீங்கள் பார்த்தது ஐப்பசி மழையில் நடந்த கூட்டம். அதே நூலகத்தை வைகாசியில் ஒருமுறை பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நான் இருப்பது வந்தவாசி, செய்யாறு வட்டாரத்தில் ஒரு சிறிய ஊர். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிக் கிளை நூலகம், மதிலுக்கு அந்தப் பக்கம் கலையரங்கம். சிமென்ட் மேடை, மேலே தகரக் கூரை, எதிரே மண் தரை, அதுதான் கலையரங்கம். பள்ளி ஆண்டு விழாவும் கட்சிக் கூட்டமும் அங்கேதான். சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கு ஓவியம், சிலம்பம், பறை சொல்லித்தருகிறார்கள். இந்த இரண்டு இடத்தையும் பல காலமாகப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். நிகழ்ச்சிக்கு மக்கள் வருவதும் வராததும் ஊரின் பருவத்தைப் பொறுத்தது என்பதே நான் கண்டது.

தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. 1968 முதல் நாடு முழுக்க இதே தேதி. வடக்கே அது இதமான மாதம். நமக்கு வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. காலையில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஆட்சியர் அறிவித்துவிட்டால், பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் யாரும் வர மாட்டார்கள். சம்பா வயலில் களையெடுப்பும் உரம் போடுவதுமாக வேலை. சில வருடம் திருவண்ணாமலை தீபத் திருவிழாவும் இந்த வாரத்தை ஒட்டி வந்துவிடும், நம் ஊர்ப் பேருந்துகள் அந்தப் பக்கம் திரும்பிவிடும். இத்தனையும் தாண்டி இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்றால் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

நவம்பர் 16

"அப்படியானால் தேதியை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா" என்று கேட்டவருக்கு: வேண்டாம். நாடு முழுக்க ஒரே வாரம் என்பதில் ஒரு பலம் இருக்கிறது. உறுப்பினர் சேர்ப்பதும் புரவலர் சேர்ப்பதும் இந்த வாரத்தில் நன்றாகவே நடக்கும். கடை கடையாகப் போய் 1000 ரூபாய் வாங்கி ஒருவரைப் புரவலர் ஆக்குவதற்கு மழை தடையில்லை. கூட்டமில்லாத நாள் என்றால் கடைக்காரரும் உட்கார்ந்து பேசுவார், பழைய ஞாபகத்தில் "அந்தக் காலத்தில் அங்கேதான் கன்னித்தீவு படிப்பேன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஊரே திரள வேண்டிய நிகழ்ச்சியை இந்த வாரத்தில் வைத்துவிட்டு, திரளவில்லை என்று ஊரைக் குறை சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நவம்பர் 19

ஆள் குறைவான மாதத்துக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. எந்த அழைப்பிதழிலும் அது இடம்பெறாது. புத்தகங்களைப் பார்த்துக்கொள்வது.

சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரிகளை ஒரு சாண் முன்னால் இழுத்து வையுங்கள். கரையானும் ஈரமும் சுவர் வழியாகத்தான் வருகின்றன. கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள். நனைந்த புத்தகத்தை இரண்டு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அவசரத்தில் வெயிலில் போடக் கூடாது, அட்டை வளைந்து தாள் மொறமொறவென்று ஆகிவிடும். மின்விசிறிக்கு அடியில் நிமிர்த்தி, கொஞ்சம் விரித்து வைத்து, நடுநடுவே வெள்ளைத் தாளைச் செருகி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாள் ஆகாது, மை ஒட்டும்.

பைண்டிங் செய்பவர்கள் மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலப்பார்கள். வெறும் மைதா என்றால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. மயில்துத்தம் விஷம், ஆகவே பிள்ளைகளைப் பசையில் கை வைக்க விடாதீர்கள். அவர்களுக்கு வேறு வேலை கொடுக்கலாம்: கிழிந்த புத்தகங்களைத் தனியாக எடுத்து வைப்பது, பழைய அட்டையில் அழிந்த எண்ணைப் படித்துச் சொல்வது. எங்கள் ஊரில் ஒரு மழை விடுமுறையில் நூலகம் திறந்திருந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலர் வந்து இந்த வேலையில் உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லாம் அட்டை கிழிந்தவை. அவர்களே கண்டெடுத்தவை.

டிசம்பர் 10

அரையாண்டுத் தேர்வு. எதுவும் வைக்க வேண்டாம். நூலகத்தில் இப்போது படிப்பவர்கள் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்கள் மட்டும்தான். அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கோடையில் அந்தப் பேச்சு தானாக வரும்.

ஜனவரி 20

பொங்கல் முடிந்தது. சம்பா அறுவடை போய்க்கொண்டிருக்கிறது. ஊரில் பேச்சு மாறிவிட்டது: இந்த வருடம் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா எந்த மாதம், எந்த ஜமாவை, அதாவது கூத்துக் குழுவைக் கூப்பிடுவது, கூத்து வாத்தியாரிடம் பேசியாகிவிட்டதா. மாசியில் தொடங்கிக் கோடை முழுக்க இந்த வட்டாரத்தில் எங்காவது ஓர் ஊரில் கூத்து நடந்துகொண்டே இருக்கும்.

நூலகம் தன் வருடத்தைத் திட்டமிட வேண்டியது இந்த வாரத்தில்தான் என்று நினைக்கிறேன். ஊர் தன் வருடத்தைத் திட்டமிடுகிறதே, அதே நேரத்தில்.

மார்ச் 5

"கூத்துக்கும் நூலகத்துக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், எனக்கு மிகவும் வேண்டிய விஷயம் இது.

திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தை வெளியூர்க்காரர்கள் தீமிதியாக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் பல நாள் நடக்கிறது. மதியத்தில் பாரதச் சொற்பொழிவு. ஒருவர் பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார், கூட ஒருவர் பின்பாட்டு. இரவு பத்து மணிக்குக் கூத்து தொடங்கினால் விடியும் வரை. மதியம் கேட்ட கதை இரவில் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு எதிரே வந்து ஆடும். அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் நெடும் பனைமரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம் பழமும் விபூதியும் போடுவார். கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலை படுகளம். மண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்க, பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிப்பாள். அன்று மாலை தீமிதி.

சொற்பொழிவாளர்கள் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் வில்லி பாரதம். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்கள், அதாவது பத்துப் பகுதிகள் பாடி, போர் முடியும் இடத்தோடு நிறுத்திக்கொண்டார். விட்டுப்போனவற்றைச் சேர்த்து விரித்துப் பாடியவர் நல்லாப்பிள்ளை, அந்த நூலிலிருந்தும் எடுத்துச் சொல்வார்கள். அதாவது எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட நேரமில்லாத ஒரு விவசாயி, கோடையில் சில வாரம், மதியம் மதியம் உட்கார்ந்து ஒரு காப்பியத்தைப் பதவுரையோடு கேட்கிறார். இவரையா "இலக்கியக் கூட்டத்துக்கு வராதவர்" என்று கணக்கில் எழுதுவது?

ஒரு வருடம் பாரதம் நடந்தபோது நூலகத்துக்கு வந்தவர்களைக் கவனித்தேன். வழக்கமாக நாளிதழோடு எழுந்து போய்விடும் ஒரு பெரியவர் நூலகரிடம் வந்து, "நாளைக்கு விராட பர்வம், கீசகன் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கும்" என்று கேட்டார். நூலகர் எடுத்துக் கொடுத்ததும் அங்கேயே நின்று புரட்டினார். பிறகு ஒரு பையன், அபிமன்யு எப்படி உள்ளே போனான், ஏன் வெளியே வரத் தெரியவில்லை என்று கேட்டுக்கொண்டு வந்தான். அப்புறம் அவன் அம்மா. இவர்களை யாரும் அழைக்கவில்லை. கதை பாதியில் நிற்பதால் தாங்களாக வந்தார்கள்.

என் யோசனை இதுதான்: பாரதம் நடக்கும் நாட்களில் நூலக வாசலில் ஒரு மேசை. அதில் வில்லி பாரதம், உரைநடை மகாபாரதங்கள், பிள்ளைகளுக்கான படக்கதைகள், கூத்தைப் பற்றிய நூல்கள், கொஞ்சம் தள்ளி வேறு கதைகளும். மறுநாள் என்ன கதை என்று ஒரு கரும்பலகையில் எழுதி, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றும் எழுத வேண்டும். இதற்குப் பந்தல் வேண்டாம், பேச்சாளர் வேண்டாம்.

மார்ச் 6

நேற்று எழுதியதை இரவில் மறுபடி யோசித்தேன். ஒன்றைச் சேர்க்காமல் விட முடியாது.

கோயில் விழா எல்லோருக்குமான விழா என்று நாம் சொன்னாலும் எல்லாத் தெருவும் அங்கே ஒரே மாதிரி நிற்பதில்லை. எந்தத் தெரு வரி கொடுக்கிறது, யார் முன்னால் உட்காருகிறார்கள், சாமி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, இதெல்லாம் நம் எல்லோருக்கும் தெரியும். வேறு மதத்துக் குடும்பங்களும் ஊரில் இருக்கின்றன. நூலகம் அப்படியில்லை. அங்கே நாற்காலிக்கு வரிசை கிடையாது, அதை இழந்துவிடக் கூடாது.

ஆகவே மேசை நூலக வாசலிலேயே இருக்கட்டும், கோயில் திடலுக்குப் போக வேண்டாம். விழாக் குழுவின் பெயர் பலகையில் வேண்டாம். பறை வகுப்புப் பிள்ளைகள் அதே நாட்களில் கலையரங்கத்தில் ஒரு மாலை அடிக்கட்டும். ரம்ஜானோ கிறிஸ்துமஸோ வந்தால் அதற்கும் ஒரு மேசை. கதை எந்தத் தெருவில் நடந்தாலும் அதைப் படிக்க வரும் இடம் பொதுவாக இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

மார்ச் 28

ஊரின் பருவத்தோடு சேர்த்து வைத்தால் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்குக் காரைக்குடி கம்பன் விழாவைப் பாருங்கள். சா. கணேசன் 1939-இல் தொடங்கியது. பங்குனி மகத்தில் தொடங்கி, அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் முடியும். ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறினாலும் அந்தப் பக்கத்து மக்களுக்கு அழைப்பிதழ் பார்க்காமலே தெரியும், பங்குனி வந்தால் கம்பன் விழா.

ஏப்ரல் 25

நேற்று முன்தினம் உலகப் புத்தக நாள். எங்கள் நூலகத்தில் மாலை ஐந்தரைக்கு வைத்தார்கள், வெயில் தாழ்ந்த பிறகு. பள்ளித் தேர்வுகள் முடியும் நேரம், பிள்ளைகள் வந்தார்கள். கதை சொல்ல வந்தவர் நல்ல ஆள், மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இனி, கோடை முகாமுக்கும் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். கோடை முகாம் என்றால் சத்தம். பறை, சிலம்பம், பாட்டு. நூலகத்தில் தினமும் காலை முதல் மூடும் வரை உட்கார்ந்து படிக்கிற பட்டதாரிகளுக்கு அமைதி வேண்டும். "வருடம் முழுக்க நாங்கள்தான் வருகிறோம், பத்து நாள் முகாமுக்காக எங்களை விரட்டுகிறீர்களே" என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. அவர் வீட்டில் படிக்க இடமில்லை, ஒரே அறையில் தொலைக்காட்சியும் அடுப்பும். நூலகத்தின் ஒரு மேசை மூலைதான் அவருக்கு வேலைக்குப் போகும் வழி. கலை வளர்க்கிறோம் என்று சொல்லி அந்த மூலையைப் பிடுங்கிவிட்டால் அது என்ன நூலகம்?

பேசிப் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். காலையில் நூலகக் கட்டடத்துக்குள் சத்தமில்லாத வேலைகள்: ஓவியம், காகித வேலை, வாசிப்பு. பிள்ளைகள் முன்னறையில், தேர்வுக்குப் படிப்பவர்கள் பின்னறையில். பறையும் சிலம்பமும் மாலை ஐந்துக்கு மேல் கலையரங்கத்தில். பறையைக் காய்ச்சுவதற்குத் தீ மூட்ட வேண்டியிருக்கும், அதற்கும் மண் தரைதான் வசதி. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அன்று கலையரங்கத்தில் நாள் முழுக்க ஒத்திகை வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணே காலையில் அரை மணி நேரம் பிள்ளைகளுக்குக் கணக்குப் புதிர் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் கேட்கவில்லை.

மே 14

பாரதம் முடிந்தது. மேசை கடைசி வரை இருந்தது. பலகையும் இருந்தது, ஒருநாள் தவிர. அன்று கோடை மழை, எழுதியது வழிந்துவிட்டது. மறுநாள் கதை தெரியாமல் இரண்டு பேர் நூலகரோடு சண்டைக்கு வந்தார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கூத்து வாத்தியார் ஒரு மதியம் கலையரங்கத்துக்கு வந்தார். இரவெல்லாம் ஆடிவிட்டுக் காலையில் தூங்கி எழுந்த முகம். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, முகத்தில் வண்ணம் எழுதுவதை ஆரம்பத்திலிருந்து காட்டினார். லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடத்தைப் பிள்ளைகள் தூக்கிப் பார்த்தார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் வேஷம் போடுபவர், அதுவரை சும்மா நின்றிருந்தவர், திடீரென்று நூலக விதிகளை எல்லாம் கூத்துப் பாட்டு மெட்டில் பாட ஆரம்பித்தார். பக்கத்தை மடிக்காதே, எச்சில் தொட்டுப் புரட்டாதே, தவணை தப்பாதே. பின்னறையில் படித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்துவிட்டார்கள்.

அன்று ஜமாவில் சிலர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார்கள். துரியோதனன் வேஷக்காரருக்கு அறிமுகக் கையெழுத்துப் போட்டவர் பீமன் வேஷக்காரர். மறுநாள் காலை படுகளத்தில் தொடையில் அடித்தார்.

கூட்டம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். நான் எண்ணவில்லை. மேசையில் வில்லி பாரதம் இல்லாமல் காலி இடம் இருந்ததைப் பார்த்தேன். வெளியே போன புத்தகம் அது.

ஜூன் 8

பள்ளி திறந்தாகிவிட்டது. ஆகஸ்ட் 12 நூலகர் நாள் வரை பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஆடியில் மானாவாரி வேர்க்கடலை விதைப்பு இருக்கிறது, ஊர் வயலில் இருக்கும்.

நூலகர் நாள், இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும் சீ. இரா. ரங்கநாதன் பிறந்த நாள். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். அவருடைய ஐந்து விதிகளை நூலகச் சுவரில் எழுதியிருப்பார்கள், யாரும் நின்று படிப்பதில்லை. மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். வாசலில் மேசை போட்டதெல்லாம் அந்த விதிக்குக் கீழ்ப்படிந்துதான். அந்த விதிகள் நூலாக வந்த 1931-இலேயே மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது. ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை முன்னின்று செய்த வேலை. வண்டி கட்டிக்கொண்டு போனவர்களுக்குப் பின்னால் வந்த நாம் வாசலுக்கு ஒரு மேசையைத் தூக்கி வைக்க யோசிக்கிறோம்.

"நாம் சொன்னால் நூலகத்தில் கேட்பார்களா, நாம் யார்" என்று ஒருவர். நாம் பணம் கொடுப்பவர்கள். 1948-இல் வந்த நூலகச் சட்டப்படி, வீட்டுக்குச் சொத்து வரி கட்டும்போது அதோடு 10 சதவீதம் நூலக வரியும் கட்டுகிறோம். வாசகர் வட்டம் என்று எல்லாக் கிளைகளிலும் ஒன்று அமைக்கலாம். அதில் உட்கார்ந்து பேசுங்கள். நூலகர் தனி ஆளாகத்தான் பல ஊர்களில் இருக்கிறார், கதவு திறப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை அவரே. அவர்மேல் இன்னொரு விழாவை ஏற்றுவதென்றால் நாலு கை கூடப் போக வேண்டும்.

ஜூன் 21

கோடை முழுக்க வாத்தியாரோடு பேசியதில் என் எண்ணம் ஒரு இடத்தில் மாறியிருக்கிறது. மழைக்காலத்தில் பெரிய நிகழ்ச்சி வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் ஐப்பசியிலிருந்து தை வரை கூத்துக்காரர்களுக்கு ஆட்டம் இல்லை. அந்த மாதங்களில் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள், மழையில் அதுவும் நின்றுவிடும். நூலக வாரம் சரியாக அவர்கள் வீட்டில் சும்மா இருக்கும் வாரம்.

திரளான கூட்டம் வராது. வர வேண்டியதும் இல்லை. கட்டடத்துக்குள் பத்துப் பிள்ளைகள், ஒரு வாத்தியார், ஒரு வாரம். அடவு, பாட்டு, கதை. மழை பெய்தால் பெய்யட்டும். அந்தப் பிள்ளைகள் கற்றதை வைகாசியில் கலையரங்கத்தில் ஆடலாம்.

ஜூன் 22

"வாத்தியாருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கலாம்" என்றவருக்கு: அவர் வீட்டில் துண்டுகள் நிறைய இருக்கின்றன. சம்பளம் கொடுங்கள். ஊர்க்காரர்கள் ஆட்டம் பேசும்போதே முன்பணம் கொடுப்பது அவர்களுக்குப் பழக்கம். நூலகத்துக்காக வாசகர் வட்டமும் அப்படியே கொடுக்கட்டும், வண்டிச் செலவு தனி. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுங்கள். வாத்தியாரை மட்டும் கூப்பிட்டால் ஆட்டம் வராது. எங்கள் வாசகர் வட்டத்தில் வசூல் நோட்டுப் போட்டாகிவிட்டது. முதல் பெயர், பின்னறையில் படிக்கும் அந்தப் பெண்ணுடையது.